செருப்பு கழன்றது தெரியாத கால்

மேலூர் அத்தைக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்காவிட்டால் அந்த வருஷம் வருஷமே இல்லை. மூன்று சித்திரைகளுக்கு முன்னால் தல்லாகுளத்தில் எதிர்சேவை பார்த்து, ராத்திரி அங்கேயே ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுத்து, விடியலில் ஆற்றங்கரைக் கூட்டத்தில் இடிபட்டு, சாமியைக் கண் குளிரப் பார்த்துவிட்டாள். பிறகு ராமராயர் மண்டபத்தில் தண்ணீர் பீய்ச்சுவதையும் பார்த்தே தீருவேன் என்று உச்சி வெயிலில் நடந்திருக்கிறாள். ஒரு காலில் செருப்பு இல்லை என்பதை அவளுக்குச் சொன்னதே மருமகள்தான். எங்கே கழன்று விழுந்ததோ தெரியாது. "ஒத்தச் செருப்ப வச்சு என்னத்துக்கு" என்று மற்றதையும் ஓரமாக விட்டுவிட்டு, தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தே வந்து சேர்ந்தாள்.

ராத்திரி பாயில் காலை நீட்டியபோது இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். எட்டணா அகலத்துக்கு, நீர் கோத்து நின்றது. வீட்டில் எல்லோரும் பதறிவிட்டார்கள்.

"சுடலையா அத்தை?"

"சுட்டாத் தெரியாதாப்பா? ஒண்ணும் சுடல. எல்லாம் அழகர் கிருபை" என்றாள்.

அந்தக் கிருபையின் பின்னால் என்ன இருந்தது என்று கண்டுபிடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷத்தில் நான் படித்ததையும் கேட்டதையும் இந்த வாரம் எழுதுகிறேன். காரணம், போன மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஆறேழு பேர் ஒரே விஷயத்தைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருந்தார்கள்: கால் எரிகிறது, மதமதவென்று இருக்கிறது, எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு, ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனால் எரிகிறதே!

முதலில் அந்த வார்த்தைகளைப் பற்றி. இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பேச்சு பணக்காரப் பேச்சு. மரத்துப்போவது வேறு, மதமதப்பது வேறு. எறும்பு ஊர்வது வேறு, ஊசி குத்துவது வேறு, மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிவது வேறு. "பஞ்சு மெத்தையில் நடக்கிற மாதிரி இருக்கு" என்பது இவை எல்லாவற்றிலும் வேறு. எரிச்சலும் குத்தலும் பெரும்பாலும் வலியையும் சூட்டையும் கொண்டுபோகிற மெல்லிய நரம்பிழைகளின் புலம்பல். மெத்தை நடையும், முகம் கழுவக் கண்ணை மூடினால் தள்ளாடுவதும், பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தகவல் தரும் பருத்த இழைகளின் கோளாறு. ஆகவே டாக்டரிடம் போனால் "நரம்புப் பிரச்சினை" என்று சுருக்கிச் சொல்லாதீர்கள். வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே சொல்லுங்கள். (நம் சுவர் விளம்பரங்கள் கெடுத்து வைத்திருக்கும் 'நரம்புத் தளர்ச்சி'க்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

ஏன் முதலில் கால்? மேலூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதானே. இடுப்புப் பக்கத்து முதுகுத்தண்டிலிருந்து பெருவிரல் நுனி வரை போகும் நரம்பிழை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அந்த இழையின் உயிரணு மேலே இருக்கிறது. அது தயாரிக்கும் சத்து, நுனி வரை நடந்தே போக வேண்டும். சர்க்கரையோ, சத்துக்குறைவோ, விஷமோ, உயிரணு தளர்ந்தால் தூரத்து நுனி முதலில் வாடும். இரண்டு பாதத்திலும் ஒரே சமயத்தில் ஆரம்பித்து, மெல்ல முழங்கால் பக்கம் ஏறி, அந்த அளவுக்கு வந்த பிறகு கைவிரலைத் தொடும். ஒரு கால் மட்டும், அல்லது ஒரு கையில் இரண்டு விரல் மட்டும் என்றால் கதை வேறு. அங்கே நரம்பு எங்காவது நசுங்குகிறதா என்று தேட வேண்டும்.

அத்தைக்கு இரண்டு காலும்தான். அதனால் முதல் டாக்டரின் பதில் சுலபமாக வந்தது: சர்க்கரை. அத்தைக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறது. நம் நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேல் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் சொன்னது. கால் எரிகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அதுதான் காரணம் என்பதும் உண்மை. ஆனால் அத்தையின் மூன்று மாதச் சராசரி 6.8. பல வருஷமாக அதை ஒட்டியே இருக்கிறது. கட்டுப்பாட்டில் இருக்கிற சர்க்கரை திடீரென்று காலை ஏன் இப்படி அடிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எரிச்சலுக்கு ஒரு மாத்திரை வந்தது. அதைப் போட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும், அத்தையும் கூடவே அடங்கிவிடுவாள், பகலெல்லாம் தூக்கம்.

அடுத்து ஒரு ஸ்கேன். அறுபது வயது முதுகைப் படம் எடுத்தால் எதுவும் இல்லாமலா வரும்? 'டிஸ்க் கொஞ்சம் தள்ளியிருக்கு' என்று வந்தது. இடுப்புக்குப் பெல்ட் போட்டார்கள். பிறகு மருந்துக்கடையில் நரம்புக்கு என்று சிவப்பு மாத்திரை, பிறகு யாரோ சொன்ன தைலம், பிறகு ஒரு வேண்டுதல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதத்தைத் தின்றது.

அந்த நாட்களில்தான் நான் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காரணம் தெரியாத கால் எரிச்சலை நம் பக்கத்து ஆட்கள் முன்பு எப்படித் துப்பறிந்தார்கள் என்று பார்த்தால், ஒரு நாவலுக்கு உண்டான சரக்கு இருக்கிறது.

சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன், பின்னாளில் இந்திய ஊட்டச்சத்து ஆய்வின் பெரிய பெயர், 100 வயது கடந்து 2019-இல் மறைந்தவர். அவர் இளம் டாக்டராக 1946-இல் எழுதிய கட்டுரைகளில் ஒன்று இந்த எரியும் பாதத்தைப் பற்றித்தான். அரிசியைத் தவிர அதிகம் எதுவும் கிடைக்காத ஏழைகளுக்கு ராத்திரியில் பாதம் பற்றி எரிந்தது. பி வகை வைட்டமின்களில் ஒன்றான பாந்தோதெனிக் அமிலம் கொடுத்தபோது அது தணிந்ததை அவர் பதிவு செய்தார். மருத்துவப் புத்தகங்களில் அந்த நோய்க்கு இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர் பால் பிராண்டின் கதையைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பிய காலம். விரல் தானாக அழுகவில்லை, உணர்ச்சி செத்துப்போனதால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் தெரியாமல் இழக்கிறார்கள் என்று அவர் நிரூபித்தார். தூங்கும்போது விரல் குறைகிறதே, அது எப்படி என்று ராத்திரியில் காவல் வைத்துப் பார்த்தார்கள். எலி! வலி தெரியாததால் தூங்குகிறவர் விழிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் துணையாகப் பூனை கொடுத்து அனுப்பினார்கள். அத்தையின் கொப்புளத்தைப் பார்த்தபோது எனக்கு இந்த எலிதான் ஞாபகம் வந்தது. தொழுநோய் இன்னும் போய்விடவில்லை. நாட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் பேர் அளவில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். தோலில் வெளிறிய தேமல், அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை, முழங்கை எலும்புக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றால் கூச்சப்படாமல் காட்டுங்கள். மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம், நோயும் குணமாகும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இலங்கை மலையகத்துக் கதை.

1977, 78 வாக்கில், தேயிலைத் தோட்டத்து இளம்பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்க முடியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வெவ்வேறு தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், 20 பேருக்கு மேல். பாதம் தொங்கிவிடும்; கால் தடுக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தோட்டத்து லயங்களில் அப்பா, அம்மா, அண்ணன், தம்பி எல்லோரும் ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே அடுப்புச் சோறு. தொற்று என்றால் எல்லோருக்கும் வர வேண்டும். சத்துக்குறைவு என்றாலும் எல்லோருக்கும்தான். ஏன் பெண்பிள்ளைகள் மட்டும்? அதிலும் ஏன் இந்த வயதில்?

டாக்டர்கள் நிமல் சேனநாயக்கவும் ஜெயரத்தினமும் 1981-இல் லான்செட் இதழில் அந்த விடையை வெளியிட்டார்கள். நம் வீட்டுப் பெண்கள் யாராக இருந்தாலும் பாதி விடையை இந்நேரம் ஊகித்திருப்பார்கள். பிள்ளை பெரிய மனுஷியானால் என்ன கொடுப்போம்? நல்லெண்ணெய். மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சிப் பக்கங்களிலிருந்து கப்பலேறிப் போன தாத்தா பாட்டிகள் கூடவே கொண்டுபோன வழக்கம் அது. கர்ப்பப்பைக்குப் பலம் என்று நாள் தவறாமல் கொடுப்பது. அந்த எண்ணெயில் டிரை கிரெசைல் பாஸ்பேட் என்ற ரசாயனம் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்டிக் தொழிலிலும் புழங்குகிற சரக்கு. வேண்டுமென்று கலந்ததாகத் தெரியவில்லை. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த பாத்திரங்களில் நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் ஒட்டியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம்.

யோசித்துப் பாருங்கள். பாசத்தோடு, செலவு பார்க்காமல், அந்தப் பிள்ளைக்கு என்று தனியாக வாங்கி ஊட்டியது. இந்த விஷத்தின் தந்திரம், குடித்த அன்று காலைத் தொடாது. ஒன்றிரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம் கழித்துத்தான் கெண்டைக்காலில் வலி வரும், பிறகு பாதம் தொங்கும். அதற்குள் சடங்கு முடிந்து, பந்தல் பிரித்து, எண்ணெய்ப் பாத்திரத்தையும் கழுவி வைத்திருப்பார்கள். எந்தத் தாய் எண்ணெயைச் சந்தேகப்படுவாள்?

இதே ரசாயனம் 1930-இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு என்ற பெயரில் விற்ற மலிவு மதுவில் கலந்து ஆயிரக்கணக்கானவர்களின் காலை முடக்கியது. 1988-இல் கொல்கத்தாவின் பெஹாலாவில் கடுகெண்ணெய் வகையில் வந்தது. ஊருக்கு ஊர் எண்ணெய் மாறியது, விஷம் ஒன்றுதான். பிடித்தவர்கள் எல்லோரும் பிடித்தது ஒரே வழியில்: யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, இவர்கள் மட்டும் சாப்பிட்டது என்ன என்று கேட்டுக் கேட்டு.

கேள்விதான் இந்த நோயில் முதல் பரிசோதனை என்று எனக்குப் புரிந்தது அப்போதுதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், அதே 1981-இல், காரணம் தெரியவில்லை என்று மற்ற இடங்களில் கைவிட்ட 205 பேரைப் புதிதாக விசாரித்தார்கள். 76 சதவீதம் பேருக்கு விடை கிடைத்தது. பெரிய பங்கு, 42 சதவீதம், பரம்பரையாக வருவது. அதை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? சொந்தக்காரர்களை வரவழைத்து அவர்கள் காலைப் பார்த்தார்கள். பாதம் வில்லாக வளைந்திருக்கும், விரல் மடங்கியிருக்கும், "எங்க தாத்தா நடையே அப்படித்தான்" என்று குடும்பமே பழகியிருக்கும். அக்கா மகளையும் அத்தை மகளையும் கட்டுகிற நம் ஊரில் இந்தக் கேள்விக்கு இரட்டிப்பு மதிப்பு.

அத்தைக்கு அந்தக் கேள்விகளைக் கேட்டவர், மதுரையில் நரம்பு பார்க்கிற ஒரு டாக்டர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலில் படங்களைப் பார்க்கவில்லை. "அம்மா, வீட்டுல இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். மறுவாரம் மேஜையில் கொட்டினோம். கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டு மாதிரி இருந்தது. அவர் அதில் இரண்டை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். ஒன்று சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், பதினொரு வருஷம். இன்னொன்று, காலையில் வெறும் வயிற்றில் போடும் காஸ் மாத்திரை, ஆறு வருஷம். நாலு நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தது, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

"கறி மீன் சாப்பிடுவீங்களா?"

"அவுக போனதுலருந்து விட்டுட்டேன் சார். ஒம்பது வருஷமாச்சு."

"பால், தயிர்?"

"சக்கரைக்குப் பால் ஆகாதுன்னாக. வரக்காப்பிதேன்."

128 அதிர்வு இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்தார். அத்தைக்கு எதுவும் தெரியவில்லை. கணுக்காலில் வைத்தார், இல்லை. முழங்காலில் வைத்ததும் "இங்கன ரீங்குது" என்றாள். குதிகால் நரம்பைச் சுத்தியால் தட்டினால் பாதம் துள்ள வேண்டும், துள்ளவில்லை. கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நான் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள். இந்தப் பரிசோதனைக்குப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும், செலவு எதுவும் இல்லை.

ரத்தத்தில் பி12 பார்த்தார்கள். 200-க்குக் கீழே இருந்தால் குறைவு என்பார்கள். அத்தைக்கு 112.

பி12 செடி கொடிகளில் கிடைப்பதில்லை. பால், தயிர், முட்டை, மீன், ஈரலில்தான் இருக்கிறது. உணவிலிருந்து அதைப் பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும். காஸ் மாத்திரை அதைக் குறைக்கிறது. குடலில் உறிஞ்சுவதை நீண்ட நாள் மெட்ஃபார்மின் குறைக்கிறது. உடம்பு வருஷக்கணக்கில் சேமித்து வைக்கிற சத்து என்பதால், குறைவது வெளியே தெரியவே பல வருஷம் ஆகும். அத்தை விஷயத்தில் மூன்று கதவும் மெதுவாகச் சாத்தியிருக்கின்றன. அதற்காக யாரும் மெட்ஃபார்மினைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்; அது நல்ல மருந்து, அத்தையும் இன்றுவரை சாப்பிடுகிறாள். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் பி12 பார்க்கலாமா என்று டாக்டரைக் கேட்டால் போதும்.

மருந்துக்கடைச் சிவப்பு மாத்திரையில் பி12 இல்லையா என்று கேட்டேன். "பத்து நாள் போட்டு, பத்து நாள் விட்டா? அதுவும் உறிஞ்சாத வயித்துல?" என்றார். பி வைட்டமின் எவ்வளவு விழுங்கினாலும் நல்லதுதான் என்பதும் தப்பு. காசநோய்க்கான ஐசோநியாசிட் மருந்தால் நரம்பு கெடாமல் பி6 காக்கும். சென்னைச் சேத்துப்பட்டு காசநோய் மையம் 1960-களிலேயே இதை ஆராய்ந்தது. அதே பி6-ஐத் தினமும் கிராம் கணக்கில் விழுங்கியவர்கள் நடக்கத் தடுமாறியது 1983-இல் அமெரிக்காவில் வெளியானது. காக்கிற மருந்தே கெடுக்கவும் செய்யும், அளவில் இருக்கிறது.

அத்தைக்கு ஊசி ஆரம்பித்தார்கள். முதலில் அடுத்தடுத்து, பிறகு மாதம் ஒன்று. காஸ் மாத்திரையை நிறுத்தினார்கள். நாலு மாதத்தில் ராத்திரி எரிச்சல் போய்விட்டது. இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. மெத்தை நடை பாதி குறைந்திருக்கிறது, பெருவிரல்கள் இன்னும் மரத்துத்தான் இருக்கின்றன. நரம்பிழை வளர்ந்தால் நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் நன்றாக வளர்ந்தால். "முன்னமே வந்திருந்தா?" என்று கேட்டேன். டாக்டர் பதில் சொல்லாமல் அடுத்த ஊசிக்குத் தேதி எழுதினார்.

கடிதம் எழுதியவர்களுக்கு நேரடியாக: உங்கள் விடை பி12-ஆகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. தைராய்டு, சிறுநீரகம், குடி, பூச்சிமருந்து, உலோகம் சேர்ந்த பொடிகள், புற்றுநோய் மருந்துகள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குவது என்று பட்டியல் நீளம். எவ்வளவு தேடினாலும் கணிசமான பேருக்குக் காரணம் கிடைக்காமலும் போகிறது. அப்போதும் எரிச்சலைத் தணிக்க வழி உண்டு, வருஷம் ஒருமுறை மறுபடி தேடலாம். குடியைப் பற்றி வீட்டு ஆட்கள் முன்னால் கேட்டால் ஆண்கள் பொய் சொல்வார்கள், தனியாக விடுங்கள். ஒன்றை மட்டும் ஆறப்போட வேண்டாம்: மதமதப்போடு பலவீனமும் சேர்ந்து சில நாட்களிலேயே காலிலிருந்து மேலே ஏறினால், மூச்சு வாங்கினால், சிறுநீர் அடைத்தால், அன்றைக்கே ராஜாஜி பெரியாஸ்பத்திரி போன்ற பெரிய இடத்துக்கு ஓடுங்கள்.

அத்தைக்கு மலையகக் கதையைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. அவளும் நாலு பெண்பிள்ளைகளுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுத்தவள்தான். "அந்தப் பிள்ளைக நடந்துச்சுகளா?" என்று மட்டும் கேட்டாள். மூன்று வருஷம் தொடர்ந்து பார்த்து அதையும் எழுதியிருக்கிறார் சேனநாயக்க. கைகால் நரம்பு தேறினாலும், தண்டுவடத்தைத் தொட்ட பாதிப்பு நடையில் விறைப்பாக மிஞ்சும் என்று சொன்னேன்.

போன தையில் மூத்தவளின் பேத்தி வயசுக்கு வந்தாள். போனில் சேதி சொன்னவளிடம் அத்தை முதலில் கேட்டது, "எண்ணெய் எந்தச் செக்குல ஆட்டுனது? எதுல ஊத்திக் கொண்டாந்தாக?" என்பதுதான். சித்திரைக்கு இந்தத் தடவையும் வருகிறாள். பின்பக்கம் வார் வைத்த செருப்பு வாங்கி வைத்திருக்கிறோம்.